பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவர் ஏன் எட்டு என்று எழுதுகிறார்?

சென்னையில் சுமார் 30 பேர் வேலை செய்யும் ஆடிட் நிறுவனத்தில் பார்ட்னராக இருக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது: "எங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகள் இரவு பத்து, பதினொன்று வரை ஆபீஸில்தான் இருக்கிறார்கள். டைம்ஷீட்டைப் பார்த்தால் தினமும் எட்டு மணி நேரம். உண்மையான நேரத்தைப் போடுங்கள் என்று மூன்று முறை மெயில் அனுப்பிவிட்டேன். ஒன்றும் மாறவில்லை. என்ன செய்தால் போடுவார்கள்?"

உங்கள் பிள்ளைகள் மெயிலைப் படித்திருப்பார்கள். படித்துவிட்டு, பக்கத்து சீட்டில் போன வருஷம் உண்மையைப் போட்டவருக்கு என்ன நடந்தது என்பதை நினைத்துப் பார்த்திருப்பார்கள். அங்கிருந்துதான் இதைப் பேச வேண்டும். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேரத்தைக் குறைத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

2009. ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. படிக்கும்போதே ஆடிட் நிறுவனத்தில் செய்யும் பயிற்சி வேலை) முடித்து, சி.ஏ. பாஸாகி, ஒரு நிறுவனத்தில் சீனியராகச் சேர்ந்திருந்தேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியின் மார்ச் முடிவு ஆடிட். சரக்கிருப்பும் கடனாளிகளும் என் பொறுப்பு. அதற்கு ஒதுக்கிய பட்ஜெட் 80 மணி நேரம். திருப்பூர்க் கம்பெனியின் சரக்கு ஒரே குடோனில் இருக்காது. நூல் நிட்டிங் யூனிட்டில் இருக்கும், துணி சாயப்பட்டறையில் இருக்கும், கொஞ்சம் காம்பாக்டிங்கில், கொஞ்சம் பிரிண்டிங்கில், மீதி எம்பிராய்டரி போடுகிறவரிடம். அந்தக் கம்பெனிக்கு 17 ஜாப் ஒர்க் இடங்கள். ஒவ்வொருவருக்கும், உங்களிடம் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று கேட்கும் கன்ஃபர்மேஷன் கடிதம் அனுப்பி, பதில் வராதவர்களைப் போனில் பிடித்து, சிலரை நேரில் போய்ப் பார்த்து, டெலிவரி சலானோடு ஒப்பிட்டு முடித்தபோது 112 மணி நேரம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷீட்டோடு மேனேஜரிடம் போனேன். நல்ல மனிதர், எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தவர். எண்ணைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, 112-ஆ? பார்ட்னர் கேட்டா நான் என்ன சொல்றது? கொஞ்சம் பார்த்துப் போடு" என்றார். பொய் எழுது என்று அவர் சொல்லவில்லை. "பார்த்துப் போடு" என்றார், அவ்வளவுதான். நான் 82 என்று போட்டேன். அன்றைக்கு அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. என் மெதுவான வேலைக்கு நானே விலை கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருஷம் பட்ஜெட் 78 ஆனது. போன வருஷம் 82-இல் முடிந்த வேலை, இப்போது கம்பெனியும் பழகிவிட்டது, கொஞ்சம் குறையத்தானே வேண்டும்? அதற்கடுத்த வருஷம் 75. 2011 மார்ச் கணக்குக்கு அந்த வேலையைச் செய்தது ஆர்ட்டிகிளில் இருந்த ஒரு தம்பி. 17 இடங்களில் 6 இடங்களுக்கு மட்டும் கடிதம் அனுப்பினான். மீதி 11-க்குக் கம்பெனி கொடுத்த பட்டியலை அப்படியே எடுத்து டிக் போட்டான். அந்த 11-இல் ஒரு சாயப்பட்டறையும் இருந்தது. 2011 ஜனவரிக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டது ஊரே அறிந்த விஷயம். மார்ச் 31 அன்று அந்தப் பட்டறையில் துணி இருப்பதாகப் பட்டியல் சொன்னது. கையெழுத்துக்கு முன் ஃபைலைப் புரட்டிய பார்ட்னர் பெயரைப் பார்த்துவிட்டு, "இது ஜனவரியிலயே மூடிட்டாங்களே?" என்று கேட்டதால் தப்பித்தோம். போய்ப் பார்த்தால் துணி அங்கே இல்லை.

திட்டு வாங்கியவன் அந்தத் தம்பி. 17 இடத்தையும் பார்க்க 112 மணி நேரம் வேண்டும் என்ற தகவலை 2009-லேயே மறைத்தவன் நான். அவனிடம் 75 மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு முழு வேலையையும் எதிர்பார்த்தோம். அவன் மணி நேரத்தைக் குறைத்துப் போடவில்லை, வேலையைக் குறைத்துவிட்டான். இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவை.

குறைத்துப் போட்ட நேரம் அந்த வாரத்தோடு போவதில்லை. அது அடுத்த வருஷத்தின் பட்ஜெட்டாகத் திரும்பி வருகிறது. அடுத்து உட்காருகிறவர் அதை நம்பி வேலையை ஆரம்பிக்கிறார். பிடிக்க முடியவில்லை என்றால், தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து அவரும் குறைத்துப் போடுகிறார், அல்லது சோதனையைச் சுருக்குகிறார். ஃபீஸும் இதே எண்ணின் மேல்தான் நிற்கிறது. ஒரு கணக்குக்காக மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 மணி நேரம் என்று நம்பி 75,000 ரூபாய் கேட்டால், காகிதத்தில் ரியலைசேஷன், அதாவது உழைத்த நேரத்தின் மதிப்பில் ஃபீஸாகக் கிடைத்த பங்கு, 100 சதவீதம். உண்மையில் ஆனது 112 என்றால் அது 67 சதவீதம். மீதியைக் கொடுத்தது அந்தப் பிள்ளைகளின் தூக்கம். பார்ட்னர்கள் கூட்டத்தில் இது "லாபகரமான க்ளையண்ட்" என்று பேசப்படும். ஃபீஸை உயர்த்திக் கேட்க வேண்டிய இடத்தில் நீங்கள் கேட்காமலே இருப்பீர்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கமில்லை. அமெரிக்காவில் ஆடிட்டர்களின் பொறுப்பை ஆராய்ந்த கோஹன் கமிஷன் 1978-லேயே, நேர நெருக்கடியும் பட்ஜெட் நெருக்கடியும் ஆடிட்டின் தரத்தைக் கெடுக்கின்றன என்று எழுதிவிட்டது. சர்வதேச ஆடிட் தரநிலை 220-இன் திருத்திய வடிவம், ஆடிட்டரின் சந்தேகப் பார்வையை மழுங்கடிக்கும் காரணங்களில் பட்ஜெட் கட்டுப்பாட்டையும் குறுகிய கெடுவையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. களைத்துப்போன கண்ணுக்கு மூடிய பட்டறையின் பெயர் தெரியாது.

இனி, பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள். சோம்பலால் மறைக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரும்பாலும் வெட்கம்தான். "மத்தவங்க 40-ல முடிக்கிறாங்க, எனக்கு மட்டும் 55 ஆகுது" என்று புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். அந்த மற்றவர்களும் 55 உழைத்து 40 போட்டவர்கள் என்பது யாருக்கும் தெரியாது. இத்தனை பேர் இருக்கும் ஆபீஸில் ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் மெதுவானவர் என்று நம்பிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய தனிமை!

அடுத்தது மேனேஜர். அவருடைய அப்ரைசலில் பட்ஜெட்டுக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மார்க். அந்த மார்க்கைக் காப்பாற்றித் தருகிற பையனை அடுத்த அசைன்மெண்ட்டுக்கும் கேட்டு வாங்குவார். உண்மையைப் போட்டவர் "கொஞ்சம் ஸ்லோ" என்ற பெயரோடு, அடுத்த வேலை கிடைக்காமல் பெஞ்சில் இருப்பார். யாரும் யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. யார் மறுபடி கூப்பிடப்படுகிறார் என்பதைப் பார்த்தே எல்லோரும் புரிந்துகொள்வார்கள்.

இன்னொரு வகையும் உண்டு, இதைக் கண்டுபிடிப்பது கடினம். மொத்த நேரம் சரியாக இருக்கும், போட்ட இடம் தப்பாக இருக்கும். "இந்த க்ளையண்ட்ல பட்ஜெட் முடிஞ்சுடுச்சு, அந்த ட்ரஸ்ட் ஆடிட்ல போட்டுடு" என்பார்கள். அல்லது டிரெயினிங், அட்மின் என்ற தலைப்பில் போகும். வாரத்துக்கு 50 மணி நேரம் ஒழுங்காக எழுதியிருக்கிறார்களே என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். இரண்டு க்ளையண்ட்டின் கணக்கும் கெட்டுப்போயிருக்கும்.

உங்கள் ஆபீஸில் இது எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஒரு எளிய வழி சொல்கிறேன். போன செப்டம்பரின் கடைசி இரண்டு வார டைம்ஷீட்டை எடுங்கள். அதே நாட்களுக்கு உங்கள் அக்கவுண்ட்ஸில் பாஸான இரவு ஆட்டோ, கேப் பில்களையும் சாப்பாட்டு பில்களையும் பக்கத்தில் வையுங்கள். இரவு 11.40-க்கு ஆபீஸ் வாசலில் ஏறிய கேப், அதே தேதியில் எட்டு மணி நேரம் என்கிற டைம்ஷீட், இரண்டிலும் ஒரே ஆளின் பெயர். இரண்டுக்கும் ஒப்புதல் கொடுத்தது ஒரே மேனேஜர். ஒரு க்ளையண்ட்டின் கேட் ரெஜிஸ்டரும் சம்பளப் பதிவேடும் இப்படி இருந்தால் நாம் கண்ட குறைகளை க்ளையண்ட்டுக்கு எழுதும் மேனேஜ்மெண்ட் லெட்டரில் முதல் பாயிண்டாக எழுதுவோம். நான் இதைச் செய்து பார்த்த அன்றைக்குத்தான், இது பிள்ளைகளின் நேர்மைக் குறைவு என்று பேசுவதை நிறுத்தினேன்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒப்பீட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். லேப்டாப்பில் லாகின் நேரத்தைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேர் போடவும் வேண்டாம். போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்: ஏழு மணிக்கு லாக் ஆஃப் செய்துவிட்டு, பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பில்லையும் ஷீட்டையும் மேனேஜர்களிடம் மட்டும், ஆட்களின் பெயரை மறைத்து, டீம் வாரியாகக் காட்டுங்கள். கேள்வி அவர்களுக்குத்தான்.

அதன் பிறகு செய்ய வேண்டியதில் மிக முக்கியமானது பட்ஜெட்டை உடைப்பது. ஒரு வருஷத்துக்குப் பழைய எண்களைத் தூக்கி வைத்துவிடுங்கள். "இதுவரை என்ன போட்டீர்கள் என்று யாரும் கேட்க மாட்டோம். இந்த வருஷம் ஆகிற நேரம்தான் எங்களுக்கு முதல் கணக்கு" என்று எல்லோர் முன்னாலும் பார்ட்னர் வாயால் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் கீழிருந்து மேலாக நேரம் போடுங்கள்: எத்தனை கன்ஃபர்மேஷன், எத்தனை குடோன், எத்தனை வவுச்சர், யார் செய்யப்போகிறார். செய்யப்போகிறவரே அந்த மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டும். தான் ஒப்புக்கொண்ட எண்ணைத் தாண்டினால் வந்து சொல்ல அவருக்கு வாய் வரும். மேலிருந்து விழுந்த எண்ணைத் தாண்டினால் மறைக்கத்தான் தோன்றும்.

முதல் வருஷப் பிள்ளைகளின் கற்றுக்கொள்ளும் நேரத்தை அந்த க்ளையண்ட்டின் தலையில் ஏற்றாதீர்கள். அதற்கு நிறுவனத்தின் பெயரில் தனியாக ஒரு கணக்கு திறந்து, 30 மணி நேரத்தில் 10 மணி நேரம் கற்றலுக்குப் போனது என்று வெளிப்படையாக எழுத இடம் கொடுங்கள். இது முன்னால் சொன்ன திருட்டு அட்மின் கணக்கு மாதிரி ஆகிவிடக் கூடாது என்றால், யார் சொல்லிக்கொடுத்தார், எதைச் சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு வரி கேட்டால் போதும். வெட்கத்தில் பாதி இதிலேயே போய்விடும்.

பட்ஜெட் தாண்டும்போது காரணம் எழுத ஒரு கட்டம் வேண்டும். எங்கள் ஆபீஸில் நான்கு காரணம் வைத்தோம்: க்ளையண்ட் தாமதம், எதிர்பாராத விஷயம் கிளம்பியது, திரும்பச் செய்ய வேண்டியிருந்தது, பட்ஜெட்டே தப்பு. நான்காவதை வைக்கலாமா என்று பார்ட்னர்கள் நெடுநேரம் வாதாடினோம். வைத்தது நல்லதாயிற்று. ஒரு ஆர்ட்டிகிள் மாணவி நம்முடைய எண்ணைத் தப்பு என்று எழுதலாம் என்ற அனுமதி அந்தக் கட்டத்தில் இருக்கிறது.

மேனேஜரின் அப்ரைசலை மாற்றாமல் இவை எதுவும் நிற்காது. வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், எப்போது சொன்னார் என்று பாருங்கள். பாதி பட்ஜெட் செலவானபோது கால்வாசி வேலைதான் முடிந்திருக்கிறது என்றால், அன்றைக்கே உங்களிடம் வந்து சொன்ன மேனேஜருக்கு முழு மார்க். கையெழுத்துக்கு முதல் நாள் சொன்னவருக்கும், எப்போதும் 100 சதவீதம் கச்சிதமாக முடிப்பவருக்கும் கேள்வி. வருஷா வருஷம் பட்ஜெட்டோடு அச்சுப் பிசகாமல் பொருந்துகிற நேரக் கணக்கை நான் நம்புவதில்லை. க்ளையண்ட்டிடம் அப்படி ஒரு செலவுக் கணக்கு வந்தால் நீங்களும் நம்ப மாட்டீர்கள்.

தினமும் எழுத வைப்பதும் உதவும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து நாளையும் யோசித்து எழுதுகிறவர், பொய் சொல்ல நினைக்காவிட்டாலும் எட்டு எட்டாகத்தான் நிரப்புவார்.

ஆர்ட்டிகிள் மாணவர்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சி.ஏ. படிப்பை நடத்தும் இன்ஸ்டிடியூட்டின் விதிப்படி அவர்களின் வேலை நேரம் வாரத்துக்கு 35 மணி. அதற்குமேல் எழுதினால் நிறுவனத்துக்குத் தர்மசங்கடம் என்று அவர்களிடமே சொல்லி, 35-க்குள் எழுத வைக்கிற இடங்கள் உண்டு. படித்துக்கொண்டே வேலை செய்யும் பிள்ளை அது. தொழிலில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, தன் கையால், தன் உழைப்பைப் பற்றி, உண்மையில்லாத ஓர் எண்ணை எழுதக் கற்றுக்கொள்கிறது. அதன் பிறகு ஒர்க்கிங் பேப்பரில் பார்க்காத வவுச்சருக்கு டிக் போடாதே என்று அந்தப் பிள்ளைக்கு எந்த முகத்தோடு சொல்வது? 35-ஐத் தாண்டுகிறது என்றால் உண்மையை எழுதச் சொல்லி, ஈடாக விடுப்போ படிப்பு நேரமோ கொடுங்கள். தொடர்ந்து தாண்டினால் ஆள் போதவில்லை என்று அர்த்தம். அதைச் சொல்லும் ஒரே காகிதம் இந்த ஷீட்தான்.

ஃபீஸ் ஏறாமல் எப்படி ஆளைக் கூட்டுவது என்பது நியாயமான கேள்வி. நம் நாட்டுப் போட்டியில் இது கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் உண்மையான நேரக் கணக்கு இல்லாமல் ஃபீஸ் பேசப் போவது வெறுங்கையோடு போவது. தென்கொரியாவில் தேவூ கப்பல் கட்டும் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிப்பட்ட பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், ஆடிட்டுக்குத் தேவையான நிலையான மணி நேரத்தை அங்குள்ள கணக்காளர் அமைப்பு வகுக்க வழி செய்தது. எத்தனை மணி நேரம் செலவிட்டார்கள் என்பதையே அங்கே வெளியிடுகிறார்கள். அமெரிக்காவில் 2017 முதல் லிஸ்டட் கம்பெனிகளின் ஆடிட்டர்கள் தாக்கல் செய்யும் 'ஃபார்ம் ஏபி'யில், வேறு ஆடிட் நிறுவனங்கள் பங்கெடுத்திருந்தால் மொத்த ஆடிட் நேரத்தில் அவற்றின் பங்கு எவ்வளவு என்று காட்ட வேண்டும். டைம்ஷீட் பொய்யாக இருந்தால் முதலீட்டாளர் படிக்கும் காகிதமும் பொய்யாகும். நம் நாட்டில் அந்த அளவு வரவில்லை. ஆனாலும் ஆடிட் கமிட்டி முன்னால், "உங்கள் ட்ரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் மீதிப் பட்டியல்) மூன்று முறை மாறியதால் எங்களுக்கு இத்தனை மணி நேரம் போனது" என்று தேதியோடு சொல்ல முடிந்தால் பேச்சே வேறு.

நீங்கள் இதை எங்கே தொடங்குவது? உங்கள் சொந்த ஷீட்டில். இரவு ஒன்றரை மணிக்கு நீங்கள் அனுப்பும் ரிவ்யூ குறிப்புகளை டீமில் எல்லோரும் பார்க்கிறார்கள். அந்த நாளுக்கு உங்கள் பெயரில் எத்தனை மணி நேரம் பதிவாகியிருக்கிறது? அதை அவர்கள் பார்க்கும்படி திறந்து வையுங்கள். பிறகு ஒரு நாள், யாரோ ஒருவர் உண்மையைப் போடுவார். அன்றைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் மற்ற எல்லோரும் கவனிப்பார்கள்.

எங்களிடம் அப்படிப் போட்டது இரண்டாம் வருஷ ஆர்ட்டிகிள் பெண் ஒருத்தி. 40 மணி நேரப் பட்ஜெட்டில் 61 என்று எழுதியிருந்தாள். மேனேஜர் முகம் சுருங்கி அந்தத் தாளோடு என் அறைக்கு வந்தார். அவளைக் கூப்பிடச் சொன்னேன். வந்தவள் உட்காரவே இல்லை, கதவுப் பக்கம் நின்றாள். "எதுல போச்சும்மா?" என்று கேட்டேன். நோட்டைத் திறந்து வாசித்தாள்: "ட்ரையல் பேலன்ஸ் மூணு தடவை மாத்தினாங்க சார், அதுல 14 மணி நேரம். பேங்க் ஸ்டேட்மெண்ட் தர லேட்டு, அதுல 4. மீதி 3 எனக்குத் தெரியாம தப்பாப் பண்ணி, திரும்பப் பண்ணினது." மேனேஜரும் நானும் அந்த நோட்டின் பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டு அந்த வாரமே க்ளையண்ட்டின் ஃபைனான்ஸ் மேனேஜரைப் பார்க்கப் போனோம். அடுத்த வருஷத்திலிருந்து ட்ரையல் பேலன்ஸைப் பூட்டிய பிறகுதான் எங்களைக் கூப்பிடுவதாக ஒப்புக்கொண்டார். திரும்பி வந்து, வாராந்திரக் கூட்டத்தில், இதை அந்தப் பெண்ணின் கணக்கால்தான் பெற்றோம் என்று மேனேஜரே சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த டீமில் மற்ற மூன்று பேரின் ஷீட்டிலும் எண் மாறியிருந்தது. ஒருவருக்கு 58, ஒருவருக்கு 54. மூன்றாவது ஆள் 47 எழுதி, கீழே 'போன வாரம் 40 போட்டேன், அது 52' என்று பென்சிலில் ஒரு வரி சேர்த்திருந்தார்.